தம்பியை யார் பார்ப்பது?

ஜனவரி 5, 2025, ஞாயிறு

என் வீட்டுக்காரருக்கு இந்த மாதம் லாரி ஓட்டம் குறைவு. மழைக்காலத்தில் எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை குறைந்துபோகும், தோட்டத்து ரோடும் சேறாகிவிடும். ட்ரிப் கணக்கில் சம்பளம் என்பதால் அந்தச் சேறு நேராக எங்கள் சமையலறை வரை வந்துவிடுகிறது. பிப்ரவரியில் மகள் பாப்பா பள்ளியில் முதலாம் ஆண்டு. பள்ளிப் பிள்ளைக்கு மலேசிய அரசாங்கம் கொடுக்கும் 150 வெள்ளி (ரிங்கிட்) சப்பாத்துக்கும் புத்தகப் பைக்கும் சரியாகிவிடும். சீருடை, பள்ளி வேன் எல்லாம் நம் தலையில்.

பக்கத்துத் தாமானில் (குடியிருப்பில்) ஒரு சீன ஆண்டி வீடு துடைக்க ஆள் கேட்டார். வாரம் இரண்டு நாள், ஒரு தடவைக்கு 50 வெள்ளி. இன்னொன்று ஓய்வுபெற்ற தமிழ் டீச்சர் வீடு, சனிக்கிழமை மட்டும், 40. மொத்தம் மாதம் 560. என் சின்னவன், இரண்டரை வயதுத் தம்பியை விட ஆள் விசாரித்தேன். அரை நாள் கணக்கெல்லாம் கிடையாதாம், வைத்தால் முழு மாதம், 300. மோட்டாருக்கு எண்ணெய் போக என் கையில் நிற்பது 230.

கணக்கு நோட்டை மூடிவிட்டேன். கூட்டிக்கொண்டே போகப் போகிறேன்.

ஜனவரி 11, சனி

டீச்சர் வீடு. "இவன நான் பாத்துக்கறேன், நீ வேலையப் பாரும்மா" என்றார். பத்து நிமிஷம்கூட ஆகவில்லை, மீன்தொட்டிக்குள் முழங்கை வரை கையை விட்டிருந்தான். அதற்குப் பிறகு அவனை முதுகில் துணியால் கட்டிக்கொண்டு கூட்டினேன். குனிந்தால் என் கொண்டையைப் பிடித்து இழுக்கிறான். மோப் போடும்போது தூங்கிவிட்டான். தூங்கும் பிள்ளை என்ன கனம்!

நாலு மணி நேர வேலை ஐந்தரை ஆனது. டீச்சர் 40ஐ மடித்துக் கொடுத்தார், கூடவே ஒரு பொட்டலம் ரொட்டி. வாங்கும்போது கொஞ்சம் கூச்சமாக இருந்தது. ஏன் என்று தெரியவில்லை, வேலையை முழுசாகத்தான் செய்தேன்.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். பால் பொங்கும் நேரத்தில் ஃபோன். சீனப் பெருநாளுக்கு முன் கூடுதலாக மூன்று நாள் வரமுடியுமா என்று ஆண்டி. "போலே, போலே", முடியும் என்று மலாயில் சொன்னேன், கரண்டியைப் பிடித்தபடி.

ஜனவரி 20, திங்கள்

பள்ளி விடுமுறை தொடங்கிவிட்டது. பாப்பாவின் பாலர் பள்ளியும் முடிந்தது. இப்போது இரண்டும் வீட்டில். அத்தைக்கு (இவருடைய அம்மா) முட்டி வலி. பாப்பாவை உட்கார்த்திவைத்துக் கதை சொல்வார், தம்பியை விரட்டிப் பிடிக்க முடியாது. ஆக நான் வேலைக்குப் போகும்போது பாப்பா அத்தையோடு, தம்பி என்னோடு.

சாயங்காலம் காலுக்குத் தைலம் தேய்த்துவிடும்போது அத்தை பேச ஆரம்பித்தார். கமுனிங் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிப் பால் எடுத்தவர்.

"நாலு மணிக்கு எழும்பணும். இருட்டுலயே புள்ளயத் துணியில சுத்திக் கொண்டுபோய் ஆயாக்கொட்டகையில விட்டுட்டு, பேர் கூப்பிடுற பெரட்டுக்கு ஓடணும். உம் புருசன் அங்க வளந்தவன்தான்."

"அழமாட்டாங்களா?"

"அழாம? உத்தரம் நெடுக ஏணை தொங்கும். ஆயா நாலு ஏணைக் கயித்தையும் ஒரே கயித்துல முடிஞ்சி வச்சிருப்பா. ஒரு இழுப்பு, நாலும் ஆடும்."

அத்தை அந்த இழுப்பைக் கையால் செய்து காட்டினார். தோட்டத்து வாழ்க்கையை யாராவது பெருமையாகப் பேசினால் எனக்கு எரிச்சல் வரும், அத்தையின் முட்டியே அந்தத் தோட்டம் கொடுத்ததுதான். ஆனால் இன்று ஒரு விஷயம் உறைத்தது. பிள்ளையை யார் பார்ப்பது என்ற கேள்வி அவருக்கு விடியும் முன்பே தீர்ந்திருந்தது. தோட்டத்து லயத்து வீட்டை விட்டுத் தாமானுக்கு வந்தோம், தண்ணீர், கரண்டு, டைல்ஸ் எல்லாம் வந்தது. ஆயாக்கொட்டகை மட்டும் வரவில்லை.

ஜனவரி 25, சனி

இதை எழுதலாமா என்று யோசித்தேன். எழுதுகிறேன்.

டீச்சரிடம் லீவு கேட்டுவிட்டு ஆண்டி வீட்டுக்குப் போயிருந்தேன். மாடிக் குளியலறைத் தரையில் பழைய மஞ்சள் கறை. கழிவறை கழுவும் திராவகத்தை ஊற்றித் தேய்த்தேன், போகவில்லை. அவசரத்தில், கழுவிவிடாமல், அதன் மேலேயே துணி வெளுக்கும் ப்ளீச்சையும் ஊற்றினேன். சர்ரென்று நுரைத்தது. அடுத்த மூச்சு தொண்டையில் முள்ளாய்க் குத்தியது. கண் எரிந்து ஒன்றும் தெரியவில்லை. கதவுப் பக்கம் "மா" என்று குரல். தம்பி தன் சின்ன வாளியோடு உள்ளே ஒரு காலை வைத்திருந்தான்.

அவனைத் தூக்கிக்கொண்டு படியில் எப்படி இறங்கினேன் என்று நினைவில்லை. வாசலில் உட்கார்ந்து இருவரும் இருமினோம், அவன் இரண்டு இருமல், நான் அரை மணி நேரம். அமிலமும் ப்ளீச்சும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும் என்று ஆண்டியின் மகள் சொன்னாள். பாட்டில் பின்னால் எழுதியே இருக்கிறது. படிக்க எங்கே நேரம்? பிறகு மூக்கில் துணியைக் கட்டிப் போய் ஜன்னலைத் திறந்துவிட்டு, நன்றாகக் காற்றாடிய பிறகு தண்ணீர் ஊற்றி முடித்தேன்.

இவரிடம் சொல்லவில்லை. அத்தை மோப்பம் பிடித்துவிட்டார்.

ஜனவரி 28, செவ்வாய்

நாளை சீனப் பெருநாள். முதல் நாள் அவர்கள் வீட்டில் துடைப்பம் தொடமாட்டார்கள், அதிர்ஷ்டத்தையும் சேர்த்துக் கூட்டிவிடுவதாகக் கணக்கு. அதனால் எல்லாம் இன்றே. கூலி போக, சிவப்பு உறையில் போட்ட பெருநாள் பணம், இரண்டு அங்பாவ், பிள்ளைகள் பெயரில்.

பிப்ரவரி 3, திங்கள்

முதல் தேதியிலிருந்து குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி என்று எல்லோரும் பேசுகிறார்கள். வீட்டு வேலைக்காரர்களுக்கு அது கிடையாது. சொக்சோ என்ற தொழிலாளர் காப்புறுதியில் மட்டும் 2021 ஜூனிலிருந்து எங்களையும் சேர்த்திருக்கிறார்கள், ஆனால் முதலாளி பதிய வேண்டும். வாரம் இரண்டு நாள் வருகிறவளுக்காக ஆண்டி எந்தப் படிவத்தை நிரப்புவார்? இல்லத்தரசிகளுக்கு வருஷம் 120 வெள்ளியில் வேறொரு திட்டம் இருக்கிறது, 55 வயதுக்குள் என்றால் சேரலாம். அது என் வீட்டு வேலையில் அடிபட்டால். அடுத்தவர் குளியலறையில் விழுந்தால்?

பிப்ரவரி 17, திங்கள்

மகாத்மா காந்தி கலாசாலை வாசலில் பாப்பா அழவில்லை. நான்தான்.

திரும்பி வரும்போது மூன்றாவது வீட்டு அக்கா வழிமறித்தார். ஈப்போவில் தொழிற்சாலை வேலை. எட்டு மாதக் கைக்குழந்தையைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு அம்மா தன் மகள் வீட்டுக்குப் போய்விட்டாராம். "நீ வீட்டுலதானே இருக்க, பாத்துக்கிறியா? 300 தரேன்."

வீட்டிலதானே இருக்கேனாம்! கேட்டுவிட்டு வந்தேன்.

பிப்ரவரி 20, வியாழன்

விசாரித்தாயிற்று. நாலு வயதுக்குட்பட்ட பிள்ளைகள், ஒரே குடும்பம் இல்லாமல், நாலு பேரோ அதற்கு மேலோ கூலிக்குப் பார்த்தால் அது தாஸ்கா, அதாவது குழந்தைக் காப்பகம், சமூகநலத் துறையில் பதிய வேண்டும். நான் ஒன்று, மிஞ்சினால் இரண்டு பிள்ளைதான் எடுப்பேன். தம்பியும் என் கண்ணெதிரில் இருப்பான். ஆண்டி வீட்டை விடப்போகிறேன், டீச்சர் வீட்டுச் சனிக்கிழமை இருக்கட்டும்.

இவர் ஏணி போட்டு உத்தரத்தில் கொக்கி மாட்டினார். தொங்கிப் பார்த்தார், தாங்கியது. அத்தை தன் பழைய நூல் சேலையை இரண்டாக மடித்துக் கொண்டுவந்தார்.

"கயிறு நான் இழுக்கறேன், ஒக்காந்த எடத்துலேருந்தே" என்றார். எனக்கு நிம்மதி. அடுத்து கேட்டார்: "எனக்கு மாசம் எவ்வளவு?"

இவர் ஏணியிலேயே சிரித்தார். அத்தை சிரிக்கவில்லை. 80 என்றேன். 100 என்றார். பேச்சு இன்னும் முடியவில்லை.