நடுப்பகல் மௌனமும் துருவ மௌனமும்

சூரியனைப் பற்றி நான் அறிந்தவற்றில் பெரும்பகுதி, சரக்குக் கப்பல்களின் வானொலி அறையில் அது உண்டாக்கிய மௌனங்களிலிருந்து அறிந்ததே. குளச்சலிலிருந்து கப்பலுக்குப் போனவர்களில் பலர் எஞ்சின் அறைக்கோ மேல்தளத்துக்கோ போனபோது, மோர்ஸ் சாவியும் சிற்றலைக் கருவிகளும் நிறைந்த அந்தச் சிறிய அறை எனக்கு வாய்த்தது. அங்கிருந்த சுவர்க்கடிகாரத்தின் முகப்பில் சிவப்பிலும் பச்சையிலும் சில பகுதிகள் தீட்டப்பட்டிருக்கும். சிவப்பு 500 கிலோஹெர்ட்ஸுக்கு, பச்சை 2182 கிலோஹெர்ட்ஸுக்கு. மணிக்கு இருமுறை, மும்மூன்று நிமிடங்கள், உலகின் எல்லாக் கப்பல்களும் பேச்சை நிறுத்திவிட்டு ஆபத்தில் சிக்கியவரின் குரல் வருகிறதா என்று காதுகொடுக்க வேண்டிய நேரம் அது. அந்த மௌனம் மனிதர் வகுத்தது. சூரியன் தரும் மௌனத்துக்குக் கடிகாரத்தில் இடமில்லை. அது இரு வகைப்பட்டது என்பதையும், இரண்டிலும் வானொலி அதிகாரி செய்ய வேண்டியது வேறுவேறு என்பதையும் புத்தகத்தில் படித்திருந்தேன் என்றாலும், பணியில்தான் உறுதியாக அறிந்தேன்.

முதல் வகை நடுப்பகலில் வருவது. அரபிக் கடலில் போய்க்கொண்டிருக்கும்போது, பம்பாய் வானொலி நிலையத்துடன் 8 மெகாஹெர்ட்ஸில் செய்தி பரிமாறிக்கொண்டிருக்கையில், எதிர்முனை ஓரிரு நிமிடங்களில் தேய்ந்து மறைந்துவிடும். இரைச்சல்கூட அடங்கிப்போகும் என்பதே அதன் அடையாளம். கருவி பழுதாகிவிட்டதோ என்று புதியவர் பதறுவார். சூரியப் பரப்பில் ஒரு சுடர்வீச்சு நிகழ்ந்து, அதன் எக்ஸ் கதிர்கள் ஒளியோடு ஒளியாக எட்டு நிமிடத்தில் வந்து, 60 முதல் 90 கிலோமீட்டர் உயரத்திலுள்ள அயனிமண்டலத்தின் அடியடுக்கைத் திடீரெனத் தடிக்கச் செய்திருக்கும். மேலடுக்கில் பட்டுத் திரும்ப வேண்டிய சிற்றலைகள் இந்த அடியடுக்கைக் கடக்கும்போதே உறிஞ்சப்பட்டுவிடும். தாழ்ந்த அதிர்வெண்களே மிகுதியாகப் பாதிக்கப்படும் என்பதால் 12, 16, 22 மெகாஹெர்ட்ஸ் என்று மேலே ஏறிப் பார்க்க வேண்டும். எதுவும் கிடைக்காவிட்டால் காத்திருக்க வேண்டும். உயர்ந்த அலைவரிசைதான் முதலில் மீளும். பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் எல்லாம் பழைய நிலைக்கு வந்துவிடும். பூமியின் பகல் பக்கத்தில், அதிலும் சூரியன் தலைக்கு நேர் மேலே நிற்கும் இடத்தில், இந்த மௌனம் மிகக் கடுமையாக இருக்கும்.

இரண்டாவது வகையை 1989 அக்டோபரில் வட பசிபிக்கில் சந்தித்தேன். ஜப்பானிலிருந்து கனடாவின் மேற்குக் கரைக்குச் செல்லும் கப்பல்கள் தூரத்தைக் குறைப்பதற்காக வடக்கே வளைந்து அலூசியன் தீவுகளை ஒட்டிச் செல்லும். அந்த மாதம் 19, 22, 24 ஆகிய நாள்களில் சூரியனில் அடுத்தடுத்துப் பெரும் வெடிப்புகள் நிகழ்ந்தன. மூன்றுமே தரையிலுள்ள கருவிகள் பதிவுசெய்யும் அளவுக்கு ஆற்றல்மிக்க புரோட்டான்களைப் பூமிக்கு அனுப்பியவை. எங்களுக்கு வடக்கே, துருவத்தை ஒட்டி வரும் பாதையிலிருந்த நிலையங்கள் இல்லாமலே போயின. இரவு வந்தது, அவை திரும்பவில்லை. மறுநாள் வந்தது, அப்போதும் திரும்பவில்லை. தெற்கே ஹவாய் திசையிலிருந்து வந்தவை மட்டும் ஓரளவு கேட்டன. சூரியன் மறைந்த பின்னும் நீடிக்கும் மௌனத்துக்கு ஒளி காரணமாக இருக்க முடியாது. அது துருவத்தை ஒட்டி இறங்கி அங்கே அதே அடியடுக்கைத் தடிக்கச் செய்யும் துகள்களின் வேலை.

இந்தத் துகள்களைப் பற்றிப் பேசுகையில் மூன்று பயணிகளைத் தனித்தனியே பார்க்க வேண்டும் என்று என் மாணவர்களிடம் வற்புறுத்துவேன். ஒளியும் எக்ஸ் கதிரும் எட்டு நிமிடத்தில் வந்துவிடும். விரைவூட்டப்பட்ட புரோட்டான்களும் எலக்ட்ரான்களும் சில பத்து நிமிடங்களிலிருந்து சில மணி நேரத்துக்குள் வரத் தொடங்கும்; 10 மெகா எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் கொண்ட புரோட்டான் ஒளியின் வேகத்தில் ஏழில் ஒரு பங்கு வேகத்தில் வருவது. காந்தப்புலத்தைச் சுமந்த பெரும் வாயுத்திரள் கடைசியாக, ஒன்று முதல் மூன்று நாள் கழித்து வந்து சேரும். விதிவிலக்குகள் உண்டு. 1972 ஆகஸ்ட் 4 அன்று வந்த திரள், முன்னே போன திரள்கள் பாதையைத் துடைத்து வைத்திருந்ததால், பதினைந்து மணி நேரத்துக்கும் குறைவாகவே எடுத்துக்கொண்டது. அது உண்டாக்கிய காந்தக் குலுக்கலில் வியட்நாம் கரையோரம் அமெரிக்கக் கடற்படை விதைத்திருந்த காந்தக் கண்ணிவெடிகள் பல தாமாகவே வெடித்தன. கப்பலில் வேலை பார்த்தவன் என்பதால் இந்தச் செய்தியை என்னால் எளிதாகக் கடந்துபோக முடிவதில்லை. அதே ஆகஸ்ட் மாதத்தின் துகள் மழை அப்போலோ 16, அப்போலோ 17 ஆகிய பயணங்களுக்கு இடைப்பட்ட காலத்தில் பெய்தது. அந்நேரம் நிலவில் மனிதர் எவரும் இல்லை.

துகள்கள் எங்கே விரைவூட்டப்படுகின்றன என்பது நெடுங்காலம் விவாதிக்கப்பட்டது. சுடர்வீச்சு நிகழும் இடத்தில் காந்தப்புலக் கோடுகள் அறுந்து மறுபடி இணையும்போது சிறிது நேரமே நீடிக்கும் துகள் பொழிவு ஒன்று உண்டாகிறது; அதில் எலக்ட்ரான்களும் ஹீலியம்-3 அணுக்கருக்களும் மிகுந்திருக்கும். பூமிக்குத் தொல்லை தரும் பெரும் பொழிவுகள் அநேகமாக வேறொரு வழியில் பிறப்பவை. சூரியனிலிருந்து கிளம்பும் திரள் வினாடிக்கு ஆயிரம், இரண்டாயிரம் கிலோமீட்டர் வேகத்தில் பாயும்போது, விசைப்படகின் அணியத்துக்கு முன்னால் நீர் மேடாக எழுவதுபோல, அதன் முன்னே ஓர் அதிர்ச்சி அலை எழுகிறது. அந்த அலையின் இரு புறத்துக் காந்தச் சுழல்களிலும் பட்டு முன்னும் பின்னுமாக அலைக்கழிக்கப்படும் துகள், ஒவ்வொரு முறை அலையைக் கடக்கும்போதும் சிறிது ஆற்றலைப் பெறுகிறது. திரள் பூமியை வந்தடையும்வரை இந்த வேலை நடந்துகொண்டே இருக்கக்கூடும் என்பதால்தான் வட பசிபிக்கின் மௌனம் நாள் கணக்கில் நீண்டது.

வெடிப்பு சூரியனின் எந்தப் பக்கத்தில் நிகழ்கிறது என்பதும் முக்கியம். சூரியன் தன்னைத்தானே சுற்றிக்கொண்டே சூரியக் காற்று எனப்படும் துகளோட்டத்தை வெளியே விடுவதால் அதன் காந்தப்புலக் கோடுகள் சுருளாக வளைந்து பூமிக்கு வருகின்றன. மின்னேற்றம் கொண்ட துகள் அந்தக் கோட்டைப் பற்றிக்கொண்டுதான் ஓடும். நம் கோடு சூரியனின் மேற்குப் பாதியில், நடுவிலிருந்து ஐம்பது அறுபது பாகை தள்ளி ஊன்றியிருக்கிறது. அங்கே வெடித்தால் துகள் விரைவில் வரும். நேர் எதிரே வெடித்தால் திரள் நம்மை நோக்கி வரும். 1989இல் இதெல்லாம் எனக்குத் தெரியாது. 2003 அக்டோபர் இறுதியில் நாகர்கோவிலில் ஒரு பிரௌசிங் சென்டரில் அமர்ந்து சூரியனைப் படமெடுக்கும் சோஹோ விண்கலத்தின் படங்களைப் பார்த்தபோது, வெடிப்பு நிகழ்ந்து சிறிது நேரத்தில் படம் முழுவதும் வெள்ளைப் புள்ளிகள் கொட்டிக்கிடந்தன. ஒவ்வொரு புள்ளியும் ஒளியுணர்வியில் மோதிய ஒரு துகளின் தடம். செவியால் மட்டுமே அறிந்த ஒன்றைக் கண்ணால் கண்ட நாள் அது. அதன் பிறகுதான் இதைப் பிறருக்குச் சொல்லித்தர வேண்டும் என்ற விருப்பம் எனக்குள் வலுத்தது.

1999 பிப்ரவரியில் கடல்சார் இடர்த் தகவல் முறை முழுமையாகச் செயற்கைக்கோளுக்கும் தானியங்கிக் கருவிகளுக்கும் மாறியதோடு, வானொலி அதிகாரி என்ற பதவி பெரும்பாலான கப்பல்களிலிருந்து மறைந்தது. ஊர் திரும்பிய நான் கருவிகளைப் பழுதுபார்த்தேன். பின்னர் தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை பகுதி இளைஞர்களுக்கு வயர்லெஸ், ஜிபிஎஸ், செயற்கைக்கோள் தொலைபேசி ஆகியவற்றைக் கையாளப் பயிற்சி அளித்தேன். இந்த ஊர்களின் ஆழ்கடல் படகுகள் வாரக்கணக்கில் தங்கித் தொழில் செய்பவை. விஎச்எஃப் கருவியின் எல்லை இருபது, இருபத்தைந்து கடல் மைலோடு முடிந்துவிடும். 2017 நவம்பர் 30இல் ஒக்கி புயல் வந்தபோது கரைக்கும் கடலுக்கும் இடையே செய்தி போகாததன் விலையை இந்தக் கரை முழுவதும் அறியும். தகவல் தொடர்பைக் கெடுக்கும் எதையும் அற்பமாக எண்ணும் உரிமை இங்கே எவருக்கும் இல்லை என்று நான் கருதுவது அதனால்தான்.

ஒரு வகுப்பில், சூரியப் புயல் பூமியைத் தாக்கப்போகிறது என்ற தலைப்புச் செய்தியைக் கைப்பேசியில் காட்டி, படகை ஓட்டும் ஸ்ராங்கு ஒருவர் கேட்டார்: “சாரே, மணவாளக்குறிச்சி கருமணல்ல இருக்க கதிர்வீச்சு போதாதுன்னு இதுவும் நம்ம தலையிலதான் விழுமா? பகல் முழுக்க வெயில்ல நிக்கோம்.” அவர் முகத்தில் இருந்தது உண்மையான அச்சம். கருமணலின் கதிர்வீச்சு மோனசைட் கனிமத்திலுள்ள தோரியத்திலிருந்து வருவது, சூரியனுக்கும் அதற்கும் தொடர்பில்லை என்று முதலில் சொன்னேன். பிறகு அவருக்குச் சொன்னதுதான் என் பணி வாழ்வு முழுவதற்கும் சாரமாக நான் கருதும் செய்தி: “மக்கா, அந்தத் துகள் விழுந்தா வடக்க விழும், தெற்கே துருவத்துல விழும். நம்ம கரைக்கு அது வந்து சேரதுதான் ரொம்பக் கஷ்டம்.”

காரணம் இந்த மாவட்டம் அமைந்திருக்கும் இடம். பூமியின் காந்தப்புலம் துருவங்களில் செங்குத்தாக இறங்குகிறது. துகள்கள் அந்த வழியே சறுக்கி வளிமண்டலத்துக்குள் நுழைந்துவிடும். இங்கோ புலக்கோடுகள் தரைக்குக் கிட்டத்தட்ட இணையாக ஓடுகின்றன. 1963 நவம்பர் 21 அன்று இந்தியாவின் முதல் ஆய்வு ராக்கெட்டை ஏவத் திருவனந்தபுரத்தை ஒட்டிய தும்பா தேர்ந்தெடுக்கப்பட்டதே காந்த நடுக்கோடு அருகில் செல்வதால்தான். குமரிக் கரையும் அதே பட்டையில் இருக்கிறது. இங்கே செங்குத்தாக உள்ளே வர ஒரு புரோட்டானுக்குச் சுமார் 16 ஜிகா எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் வேண்டும். சூரியத் துகள்களில் மிகப் பெரும்பாலானவை அதில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைந்த ஆற்றல் உடையவை. தென்னிந்தியாவைப் போல உறுதியான காந்தக் காப்பு உள்ள நிலப்பகுதிகள் உலகில் குறைவு. அந்தக் காப்பும் அசைக்க முடியாதது அன்று: 2015 ஜூன் 22 அன்று ஒரு திரள் வந்து மோதியபோது காப்பு தளர்ந்து, சூரியக் குடும்பத்துக்கு வெளியிலிருந்து வரும் அண்டக் கதிர்கள் சில கூடுதலாக உள்ளே நுழைந்ததை ஊட்டியிலுள்ள கிரேப்ஸ்-3 ஆய்வகத்தில் அண்டக் கதிர்களால் பிறக்கும் மியூவான் துகள்களை எண்ணும் கருவி இரண்டு மணி நேரம் பதிவுசெய்தது. அது நுண்ணிய கருவிக்குத் தெரியும் மாற்றமே தவிர, படகில் நிற்பவரைத் தொடும் அளவினது அன்று.

ஆனால் முதல் பயணியான எக்ஸ் கதிருக்குக் காந்தப்புலம் தடையே இல்லை. ஏப்ரல் நடுவிலும் செப்டம்பர் தொடக்கத்திலும் உச்சி வேளையில் சூரியன் நம் தலைக்கு நேராக நிற்கும் இந்தக் கரையில், சிற்றலையை அது மிகக் கடுமையாகவே அறையும். செய்தித்தாள்கள் துகளைக் காட்டி மக்களை அச்சுறுத்துகின்றன. இங்கே உண்மையில் வேலையைக் கெடுப்பது சுடர்வீச்சின் ஒளி. இந்தத் தலைகீழ்க் கணக்கைத் திருத்துவதற்காகவே என் வகுப்பில் ஒரு பகல் முழுவதையும் ஒதுக்கினேன். விஎச்எஃப், செயற்கைக்கோள் தொலைபேசி ஆகியவை அடியடுக்கின் உறிஞ்சலுக்கு அவ்வளவாக ஆட்படுவதில்லை என்பதால், நடுப்பகலில் சிற்றலை போனால் அவற்றுக்கு மாறலாம். ஜிபிஎஸ் விஷயம் வேறு: சூரியன் மறைந்து இரண்டு மூன்று மணி நேரத்தில், சிறப்பாகப் பங்குனி சித்திரையிலும் புரட்டாசி ஐப்பசியிலும், காந்த நடுக்கோட்டுப் பகுதியின் அயனிமண்டலத்தில் குமிழ்கள் எழுந்து செயற்கைக்கோள் சமிக்ஞையைத் தள்ளாட வைக்கும். அதற்கு வெடிப்பே தேவையில்லை. அந்த வேளையில் இருப்பிடம் தாவினால் திசைகாட்டியையும் எக்கோ எனப்படும் ஆழமானி காட்டும் ஆழத்தையும் நம்ப வேண்டும்.

துகள்களை இந்தியாவே விண்வெளியில் அளக்கத் தொடங்கியிருக்கிறது. 2023 செப்டம்பர் 2 அன்று ஏவப்பட்ட ஆதித்யா-எல்1, பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தொலைவில், 2024 ஜனவரி 6 முதல் நிலைகொண்டிருக்கிறது. அதிலுள்ள இரு துகள் ஆய்வுக் கருவிகளில் ஒன்று அகமதாபாத்திலும் மற்றொன்று நமக்கு அடுத்த திருவனந்தபுரத்திலும் உருவானவை. அதைச் சுமந்து சென்ற ராக்கெட்டின் விகாஸ் எஞ்சின் வகை சோதிக்கப்படுவது ஆரல்வாய்மொழிக்கு அப்பால் மகேந்திரகிரியில். இதைச் சொல்லும்போது மாணவர்கள் நிமிர்ந்து உட்காருவதைக் கண்டிருக்கிறேன்.

2024 மே மாதம் நான் சொல்லிவந்த இரண்டையும் ஒரே வாரத்தில் காட்டியது. மே 10 அன்று நம் நேரப்படி நண்பகல் 12.24க்கு ஒரு பெரும் சுடர்வீச்சு உச்சத்தை எட்டியது. வீட்டிலிருந்த பழைய ஏற்பியில் சீனாவின் நேரச் சமிக்ஞையைக் கேட்டுக்கொண்டிருந்தேன். 10 மெகாஹெர்ட்ஸ் முற்றிலும் அடங்கியது, 15 மெகாஹெர்ட்ஸ் மெலிந்துபோய் முதலில் மீண்டது. மறுநாள் காலை ஏழு மணியை ஒட்டி இன்னொரு வெடிப்பு. அதன் புரோட்டான்கள் துருவப் பகுதிகளில் தரையிலிருந்தே துகள் பொழிவை உணரும் நியூட்ரான் அளவிகளில் பதிவாகும் அளவுக்கு வந்தன. அன்றைய பகலில் அதே ஏற்பியை அதே அலைவரிசைகளில் வைத்துக் கேட்டேன். துகளால் நேர்ந்தது என்று சொல்லத்தக்க மாற்றம் ஒன்றும் குளச்சலில் இல்லை. அந்த இரு நாள்களின் குறிப்பையும் படியெடுத்து அடுத்த பயிற்சிக் குழுவிடம் கொடுத்தேன். படகின் குறிப்பேட்டில் நேரம், அலைவரிசை, காணாமற்போன நிலையத்தின் திசை ஆகிய மூன்றையும் எழுதச் சொல்லியிருக்கிறேன். கரைக்கு வந்ததும் அதைச் செயற்கைக்கோளின் எக்ஸ் கதிர் வரைபடத்தோடு அவர்களே ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள்.