எம்மாவிலிருந்து தொடங்குங்கள்

வைக்கிங் காலத்து நாவல்களைப் பாதியில் மூடி வைக்கிறவர்கள் சொல்லும் காரணம் எப்போதும் பெயர்கள்தான். நீலப்பல் ஹரால்ட், அவர் மகன் ஸ்வெய்ன், ஸ்வெய்னின் மகன் க்னூட், க்னூட்டுக்கு ஒரு ஹரோல்ட், நோர்வேயில் இன்னொரு ஹரால்ட், 1066இல் இங்கிலாந்தில் வேறொரு ஹரோல்ட். தகப்பன் வழியை மட்டும் பிடித்துக்கொண்டு போனால் டென்மார்க்கும் நோர்மண்டியும் இங்கிலாந்தும் ஒட்டவே ஒட்டாது.

தாளின் நடுவில் எம்மா என்று எழுதுங்கள். நோர்மண்டியில் நிலம் பெற்ற வைக்கிங் தலைவன் ரோலோவின் கொள்ளுப்பேத்தி. 1002இல் இங்கிலாந்து அரசர் எதெல்ரெட்டை மணந்தாள், அவர் இறந்த பிறகு 1017இல், அந்த நாட்டையே பிடித்த க்னூட்டை மணந்தாள், இரண்டு கலியாணத்துப் பிள்ளைகளும் இங்கிலாந்தை ஆண்டார்கள்: முதலில் க்னூட்டின் மகன் ஹார்தக்னூட், 1042இலிருந்து எதெல்ரெட்டின் மகன் எட்வர்ட். எம்மாவின் சகோதரன் மகன் ராபர்ட், நோர்மண்டிப் பிரபு. அவனுக்கு இவள் மாமி, எட்வர்ட் மச்சான், அப்ப ராபர்ட்டின் மகன் வில்லியம் எட்வர்டுக்கு மருமகன் முறை. 1066இல் வில்லியம் படையோடு கடல் தாண்டி வந்து முடி கேட்டதில் இந்த உறவுக்கும் பங்கு உண்டு.

காலக்கணக்குக்கு எங்கள் வன்னிக் கிழவிகளின் வழிதான் நல்லது. ஒரு பிள்ளை எப்போது பிறந்தது என்று கேட்டால், கிளிநொச்சி இடப்பெயர்வுக்கு முந்தியா, சுனாமிக்குப் பிந்தியா என்று நெருக்கிக்கொண்டே போய் ஆண்டைப் பிடிப்பார்கள். 2009இல் பத்திரங்களெல்லாம் தொலைந்த வீடுகளில் எத்தனையோ பேருடைய வயது அப்படித்தான் திரும்பக் கிடைத்தது. அதே மாதிரி இங்கிலாந்தின் மடாலயத் தீவு லிண்டிஸ்ஃபார்னை வைக்கிங்குகள் கொள்ளையடித்தது 793, பாரிஸைத் தாக்கியது 845, இங்கிலாந்தில் பெரும்படை இறங்கியது 865, ரோலோவுக்கு நிலம் கிடைத்தது 911 என்று நட்டுவிட்டு, ஒவ்வொரு ஆளும் எந்த இரண்டுக்கு நடுவில் வருகிறார் என்று பாருங்கள். லிண்டிஸ்ஃபார்னைக் கொள்ளையடித்தவன் ரக்னார், அவன் தம்பி ரோலோ என்று ஒரு கதை சொன்னால், இடையில் 118 ஆண்டுகள் கிடப்பது உடனே தெரியும். அதற்காகக் கதையை வெறுக்கத் தேவையில்லை, ரக்னாரே பாதி புராணம். ஆனால் எதை நகர்த்தினேன் என்று பின்னுரையில் சொல்லிவிடும் எழுத்தாளரைத்தான் நான் திரும்பவும் தேடி வாசிப்பேன்.

எம்மா முடிந்தால் அடுத்தது கீதா, 1066இல் இங்கிலாந்து அரசராக இருந்த அந்த ஹரோல்ட் காட்வின்சனின் மகள். தகப்பன் வில்லியமோடு மோதி ஹேஸ்டிங்ஸ் சண்டையில் விழுந்த பிறகு அவள் கியேவ் அரச குடும்பத்து விளாடிமிர் மோனமாக்கை மணந்தாள். மோனமாக்கின் மாமி யாரென்றால், அதே 1066இல், ஹேஸ்டிங்ஸுக்குச் சில கிழமைகள் முன்னால், கீதாவின் தகப்பனோடு மோதி ஸ்டாம்ஃபோர்டு பாலத்தில் செத்த நோர்வே ஹரால்டின் மனைவி.