காற்றாடிமலைக்குப் போன கணக்கர்

பள்ளிக்கூடத்துக்கு முதல் நோட்டு வாங்கித் தந்த அன்று, முதல் பக்கத்தின் தலையில் அம்மா ஒரு சின்னச் சிலுவை போட்டுக் கொடுத்தாள். "இதைப் போடாம எழுத ஆரம்பிக்காத எய்யா" என்றாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் பிள்ளையார் சுழி போடுவான், நான் சிலுவை போடுவேன். இப்போது திருநெல்வேலியில் ஓர் அரிசி மண்டியில் இருபத்தாறு வருடமாகக் கணக்கு எழுதுகிறேன். இன்றைக்கும் பேரேட்டில் தேதிக்கு மேலே அந்தச் சிலுவை விழாமல் எழுத வராது.

2022 மே 15ஆம் தேதி வத்திக்கானில் திருத்தந்தை பிரான்சிஸ் தேவசகாயத்தைப் புனிதராக அறிவித்தபோது, அம்மா டிவி முன்னால் முழங்காலில் இருந்தாள். முட்டுவலியோடு எழுந்தவள் சொன்ன முதல் வார்த்தை, "அவரும் உத்தியோகம் பார்த்த மனுசன்தான்." உண்மைதான். இந்தியாவின் பொதுநிலையினரில் முதல் புனிதர் அவர். சாமியார் இல்லை, துறவி இல்லை. மனைவி, வீடு, அரண்மனை வேலை என்று வாழ்ந்தவர். உதயகிரிக் கோட்டை வேலையில் பணப் பட்டுவாடாவைக் கவனித்தவர் என்றும் சொல்வார்கள். அவருடைய இடங்களைப் பார்க்க வேண்டும் என்று அன்றிலிருந்து அம்மா கேட்டுக்கொண்டே இருந்தாள். இந்த வருடம் காணும் பொங்கலுக்கு மண்டி லீவு. தம்பியின் காரை வாங்கிக்கொண்டு விடிவதற்குள் கிளம்பினோம்.

"ஞானஸ்நானத்துல ஆரம்பிச்சு மலையில முடிப்போம்" என்று அம்மா வழி சொன்னாள். அதனால் முதலில் வடக்கன்குளம். நட்டாலத்தில் 1712இல் பிறந்த நீலகண்டன் 1745இல் இங்கேதான் இயேசு சபைக் குரு புத்தாரியிடம் ஞானஸ்நானம் பெற்றார். லாசர் என்ற பெயரைத் தமிழில் தேவசகாயம் என்று வைத்தார்கள். அவர் மனைவி பார்கவி ஞானப்பூ ஆனார். விசுவாசத்துக்காக மன்னரின் ஆட்கள் கணவரைக் கொன்றுவிட்ட பிறகு ஞானப்பூ அம்மாள் ஊரை விட்டு இங்கேயே வந்து வாழ்ந்து, இந்த மண்ணிலேயே அடக்கமானார். அம்மா அவருக்காகத் தனியாக ஒரு மெழுகுதிரி ஏற்றினாள். அப்பா இறந்து பதினோரு வருடமாகிறது. அந்தத் திரி எரிந்து பாதியாகும் வரை அம்மா அசையவில்லை, நானும் கூப்பிடவில்லை.

வடக்கன்குளத்தைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஒரு காலத்தில் இங்கே சாதி பார்த்துக் கோயிலுக்குள் மக்களைப் பிரித்து ஒரு சுவர் நின்றது. 1910இல்தான் அதை இடித்தார்கள். எல்லாச் சாதியாரோடும் பழகினார், ஒன்றாக உட்கார்ந்தார் என்பதற்காகவும் துன்பப்பட்டவர் ஞானஸ்நானம் பெற்ற ஊரிலேயே அந்தச் சுவர் இருந்தது என்பதை நினைத்தால் நெஞ்சு கனக்கிறது. புனிதர் பட்டம் கொடுக்கும்போது அவர் பெயரோடு ஒட்டியிருந்த சாதிப் பெயரைத் திருச்சபை எடுத்துவிட்டது. அது சரியான காரியம். ஆனால் நம் கல்லறைத் தோட்டங்களில் இன்றும் சில இடங்களில் நிற்கும் சுவரை நாம்தான் இடிக்க வேண்டும்.

அங்கிருந்து ஆரல்வாய்மொழி வழியாக, மலையை இடது வலது என்று பார்த்துக்கொண்டே தாண்டிப்போனோம். கோட்டாறு சவேரியார் பேராலயத்தில் அவர் கல்லறை முன்னால் பத்து நிமிடம். நல்ல கூட்டம், அம்மாவுக்கு நிற்க முடியவில்லை. அப்புறம் புலியூர்க்குறிச்சி.

அங்கே முட்டிடிச்சான் பாறை இருக்கிறது. எருக்கம்பூ மாலை போட்டு, எருமை மேல் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோனபோது அவருக்குத் தாகம். தண்ணீர் கிடைக்கவில்லை. செபித்துவிட்டு முழங்கையால் பாறையை இடித்தார், தண்ணீர் வந்தது என்பது நம்பிக்கை. பெரிய சுனை என்று நினைத்துப் போனேன். சின்னக் குழிதான். குனிந்து பார்த்தால் உள்ளே கறுப்பாகத் தண்ணீர், மேலே என் முகம் ஆடிக்கொண்டிருந்தது. கொஞ்சம் கொஞ்சமாக மொண்டுதான் எடுக்க வேண்டும். அம்மா அவசரப்படாமல் இரண்டு சின்ன பாட்டிலை நிரப்பினாள். "எதுக்கும்மா ரெண்டு?" என்றேன். "இருக்கட்டும்" என்றாள்.

பக்கத்திலேயே உதயகிரிக் கோட்டை. 1741 குளச்சல் போரில் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவிடம் பிடிபட்ட டச்சுப் படைக்காரர் டிலனாய், பின்னால் அதே மன்னருக்குப் படைத்தளபதியாகி இந்தக் கோட்டையைப் பலப்படுத்தினார். அவர் கல்லறையும் கோட்டைக்குள்தான். வீட்டில் நஷ்டத்துக்கு மேல் நஷ்டம் வந்து நீலகண்டன் மனம் சோர்ந்திருந்த நாளில், டிலனாய் அவருக்குப் பைபிளில் எல்லாவற்றையும் இழந்து தவித்த யோபுவின் கதையைச் சொன்னார். எனக்கு இந்த வரலாற்றிலேயே மிகவும் பிடித்த இடம் இதுதான். வேலை செய்கிற இடத்தில், கூட வேலை செய்கிறவன் முகம் வாடியிருப்பதைப் பார்த்து ஒருவர் கேட்டார். அவ்வளவுதான் நடந்தது. பெரிய பிரசங்கமோ கூட்டமோ இல்லை.

போன வருடம் மண்டியில் கணக்கில் 42,000 ரூபாய் குறைந்தது. பதினொரு நாள் எல்லோர் கண்ணும் என் மேல்தான். முதலாளி சாவியைத் திரும்ப வாங்கிக்கொண்டார். பன்னிரண்டாம் நாள், ஒரே பில் இரண்டு தடவை ஏறியிருந்தது தெரிந்தது. சாவி மறுபடி என் மேஜைக்கு வந்தது. ஒரு வார்த்தை வரவில்லை. அந்தப் பதினொரு நாளும் பேரேட்டில் சிலுவை போடும்போது என் கை நடுங்கியது எனக்குத்தான் தெரியும். யோபுவை எடுத்து வாசித்தேன். பொறுமையைப் பற்றிய புத்தகம் என்று நினைத்திருந்தேன். அந்த மனுசன் பக்கம் பக்கமாகக் கடவுளிடம் வழக்காடுகிறான்! எனக்கு அது ஆறுதலாக இருந்தது. ஆனால் முதலாளிக்காக மட்டும் என்னால் செபிக்க முடியவில்லை.

சாயங்காலம் காற்றாடிமலை. 1752 ஜனவரி 14ஆம் தேதி இங்கேதான் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். நாற்பது வயது நிறையவில்லை. உடலைக் காட்டில் விட்டுவிட்டுப் போனார்கள். பெயருக்கேற்ற காற்று, அம்மாவின் சேலைத் தலைப்பைப் பிடிக்க முடியவில்லை. கீழே வரிசையாகக் காற்றாலைகள் சுற்றிக்கொண்டிருந்தன. வியாகுல மாதா கோயிலில் செபமாலை சொல்லிவிட்டு மேலே ஏறினோம். மணியடிச்சான் பாறை என்று ஒன்று. சின்னக் கல்லால் தட்டினால் கோயில் மணி மாதிரி கணீர் என்று கேட்கிறது. தட்டித் தட்டியே அந்த இடத்தில் குழி விழுந்திருக்கிறது. ஒரு சிறு பையன் தட்டிவிட்டுக் கல்லை என் கையில் கொடுத்தான். நானும் தட்டினேன். ஓசை அடங்கும் வரை கையை எடுக்கவில்லை, உள்ளங்கையில் அதிர்வு தெரிந்தது.

அப்போது அம்மா பையிலிருந்து இரண்டாவது பாட்டிலை எடுத்து நீட்டினாள். "ஒங்க முதலாளிக்குச் சர்க்கரை கூடிக் கால்ல புண்ணுன்னு சொன்னியே. அவருக்குக் குடு."

நான் பதில் சொல்லவில்லை.

"அவரு செபத்துல நீ இல்லாம இருக்கலாம் எய்யா. ஒன் செபத்துல அவரு இருக்கணும்ல."

அந்தப் பாறையில் உட்கார்ந்து ஒரு பரலோக மந்திரம் சொன்னேன். 'எங்களுக்குத் தீமை செய்பவர்களை நாங்கள் பொறுப்பது போல' என்று வரும் இடத்தில் நின்றுவிட்டேன். காற்று காதை அடைத்தது. அம்மா பக்கத்தில் அந்த வரியை மெதுவாக எடுத்துக் கொடுத்தாள், சின்ன வயதில் மனப்பாடம் சொல்லிக்கொடுத்த அதே இழுவையில். பிறகு முடித்தேன்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு மண்டி திறந்ததும் பாட்டிலை முதலாளி மேஜையில் வைத்தேன். எங்கே எடுத்தது என்று கேட்டார், சொன்னேன். மூடியைத் திறந்து இரண்டு சொட்டைக் கையில் விட்டு, கண்ணில் ஒற்றிக்கொண்டார். பாட்டிலைத் தலைக்கு மேலே மாட்டியிருந்த முருகர் படத்துக்குப் பக்கத்தில் வைத்தார். "ஒங்க அம்மாவுக்கு முட்டுவலி எப்படி இருக்கு?" என்றார். இத்தனை வருடத்தில் முதல் தடவையாகக் கேட்கிறார்.

பரவாயில்லை என்றேன். என் இடத்துக்கு வந்து பேரேட்டைத் திறந்து, சிலுவை போட்டு, தேதி எழுதினேன்.