சிரட்டைக்கரியும் நியூகாசில் நிலக்கரியும்

எட்டாம் வகுப்பில் கரும்பலகைக்குக் கரி பூசுவது எங்கள் வேலை. சிரட்டைக்கரியை இடித்து, ஊமத்தம் இலைச் சாற்றில் குழைத்து, பழந்துணியால் தேய்ப்போம். நிலக்கரியை வகுப்பில் ஒருவரும் கண்டதில்லை. அந்தப் பலகையில்தான் ஆங்கில ஆசிரியர் ஒருநாள், ‘நியூகாசிலுக்கு நிலக்கரி கொண்டுபோவது’ என்று பொருள்படும் ஆங்கில மரபுத்தொடரை எழுதி, வசனம் அமைத்துவரச் சொன்னார்.

நான் எழுதியது இன்றும் நினைவிருக்கிறது: “எங்களைப் படிப்பிக்க அப்பா நியூகாசிலுக்கு நிலக்கரி கொண்டுபோகிறார்.” அப்பாவுக்குப் புகையிலைத் தோட்டம். விடியுமுன் துலா மிதிக்கப் போய்விடுவார். பாரம், தூரம், வியர்வை எல்லாம் அந்தத் தொடரில் இருப்பதாக நினைத்தேன்.

ஆசிரியர் அதை வகுப்பில் வாசிக்கவில்லை. இடைவேளையில் வேப்பமரத்தடிக்கு அழைத்து, “தம்பி, அப்பாவின் உழைப்பு வீணா?” என்று கேட்டார்.

“இல்லை சேர்.”

“அப்படியென்றால் இந்தத் தொடர் அவருக்கு வேண்டாம். நியூகாசில் இங்கிலாந்தின் நிலக்கரி ஊர். ஒரு பொருள் மலிந்து கிடக்கும் இடத்துக்கே அதைக் கொண்டுபோகும் வீண்வேலையைத்தான் இது சொல்கிறது. கொல்லன் தெருவில் ஊசி விற்பதுபோல. யாழ்ப்பாணத்துக்குப் பனங்கிழங்கு ஏற்றுவதுபோல.”

சிவப்பு மையால் வெட்டாமல், என்னைக்கொண்டே வசனத்தைத் திருத்துவித்தார். பள்ளிக்கூடத்தில் நான் பெற்ற ஆங்கிலப் பாடங்களில் அந்தப் பத்து நிமிடத்துக்கு ஈடாக வேறொன்றும் இல்லை.

இங்கிலாந்துக்கு வந்து பல ஆண்டுகளின் பின்பே நியூகாசிலைப் பார்த்தேன். அந்த ஊரை ஒட்டி ஓடும் டைன் ஆற்றின் தென்கரையில், கேட்ஸ்ஹெட் பக்கம், 1893இல் திறந்த டன்ஸ்டன் ஸ்டெய்த்ஸ் என்ற பெரிய மரத்துறை நிற்கிறது. சுரங்கங்களிலிருந்து ரயிலில் வந்த நிலக்கரியை அதன் மேலிருந்து கப்பல்களுக்குள் சரித்துக் கொட்டினார்கள். அதற்கும் பல நூற்றாண்டுகள் முன்பிருந்தே லண்டன் அடுப்புகளுக்கு இந்த ஆற்றிலிருந்துதான் கரி போனது. 17ஆம் நூற்றாண்டிலேயே அந்த ஆங்கிலத் தொடரும் பழமொழியாகிவிட்டது. கறுத்த தூண்களைப் பார்த்தபடி கரையில் நெடுநேரம் நின்றேன். ஒரு கப்பலும் இல்லை.

சுரங்கங்கள் மூடப்பட்ட பின், இந்த நூற்றாண்டில், டைன் துறைமுகத்தில் வெளிநாட்டு நிலக்கரி வந்து இறங்கியிருக்கிறது. மின்நிலையங்களுக்கு அது வேண்டியிருந்தது. 2024 செப்டம்பர் 30ஆம் தேதி பிரித்தானியாவின் கடைசி நிலக்கரி மின்நிலையமும் மூடப்பட்டது. இங்குள்ளவர்கள் பேச்சில் அந்தத் தொடர் மட்டும் பழைய பொருளிலேயே வந்துபோகிறது.

ஆசிரியர் இப்போது இல்லை. இருந்திருந்தால், நியூகாசிலுக்கே நிலக்கரி வந்த செய்தியை அவரிடம்தான் முதலில் சொல்லியிருப்பேன். புதிதாக ஒரு வசனம் எழுதிவரச் சொல்லியிருப்பார்.