கல்யாண முருங்கை லூரும் லிப் பள்ளமும்

கல்யாண முருங்கைக் கட்டையில் பதினொரு சென்டிமீட்டர் நீளத்துக்குச் செதுக்கிய மிதக்கும் லூர், அதாவது மீனை ஏமாற்றும் சிறுமீன் வடிவப் பொய்யிரை, ஒருவழியாக நேராக நீந்துகிறது. பம்ப்செட் தொட்டியிலும் முட்டுக்காட்டுக் கழிமுகத்திலும் இழுத்துப் பார்த்தேன். எந்தப் பக்கமும் விலகாமல், வயிற்றை இடமும் வலமும் புரட்டியபடி வந்தது. அதே நீளமுள்ள பிளாஸ்டிக் லூரை அதே நிதான வேகத்தில் இழுத்தால் அது குச்சிபோல வருகிறது என்பதையும் சற்றுப் பெருமையோடு சொல்லிக்கொள்கிறேன்.

பிளாஸ்டிக் லூர் மிதப்பதற்கு உள்ளே காற்றறை வேண்டும். அதனால் எடையின் பெரும்பகுதி வெளிச்சுவரிலேயே தங்கி, புரளத் தொடங்குவதற்குக் கூடுதல் வேகம் தேவைப்படுகிறது. மரமோ தானே மிதப்பதால், வயிற்றில் வைத்த ஈயத்துண்டு மட்டும் கீழே இழுக்க, மெல்லிய இழுப்புக்கே உடல் ஆடிவிடுகிறது. பின்லாந்தின் மீனவர் லவுரி ரப்பாலா 1936இல் தக்கையைச் செதுக்கி, சாக்லேட் சுற்றிய ஈயத்தாளை ஒட்டி, புகைப்பட நெகட்டிவ்களை உருக்கிப் பூசித் தன் முதல் லூரைச் செய்தபோது பிடிக்க முயன்றதும் காயம்பட்ட சிறுமீனின் இந்தத் தள்ளாட்டத்தைத்தான்.

ஆனால் அந்த ஆட்டம் முழுவதும் லிப், அதாவது தண்ணீரை எதிர்த்து லூரை ஆட்டி ஆழத்துக்கு இறக்கும் மூக்கடித் தகடு, உட்காரும் பள்ளத்தைப் பொறுத்தது. கட்டை நான்கு பக்கமும் சதுரமாக இருக்கும்போதே பள்ளத்தை அறுத்துவிட வேண்டும். உடலை உருட்டிய பிறகு அறுக்க முனைந்தால், மூலைமட்டத்தை வைத்துப் பார்க்க ஒரு சமதளம்கூட மிஞ்சாது. ஒன்றரை மில்லிமீட்டர் கனமுள்ள பாலிகார்பனேட் லிப்புக்கு ஒற்றை ஹாக்சா பிளேடு போடும் வெட்டு போதாது. அரத்தால் அகலப்படுத்தினாலோ பள்ளத்தின் வாய் விரிந்து லிப் ஆடும். இரண்டு பிளேடுகளை ஒரே சட்டத்தில் சேர்த்து முடுக்கி அறுத்ததில் லிப் சற்று இறுக்கமாக, தள்ளினால் மட்டுமே நுழையும் அளவில் அமைந்தது. கோணம் 45 பாகை. இதைவிடச் செங்குத்தாக வைத்தால் ஆட்டம் விரியும், ஆழம் குறையும். உடலோடு ஒட்டிப் படுத்தால் ஆழம் கூடி ஆட்டம் சுருங்கும். லிப் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தால், நரம்பு கட்டும் மூக்கு வளையத்தை விலகலுக்கு எதிர்ப்பக்கம் வளைத்து மெதுவான இழுப்புக்குச் சரிசெய்துவிடலாம். நரம்பை வேகமாகச் சுற்றும்போது லூர் கவிழ்ந்து மேலே வருவதை அந்த வளைவு தடுக்காது.

பழைய நைலான் தூண்டில் நரம்பு நீண்டுகொடுக்கும். இன்றைய பிரெய்டு எனும் பின்னல் நரம்பு ஏறக்குறைய நீளுவதே இல்லை என்பதால், கொடுவா மீன் உதறும் உதறல் அப்படியே முள்ளில் வந்து விழுகிறது. மென்மரத்தில் திருகிய கொக்கி அதற்குத் தாங்காது என்று கருதி, மூக்கிலிருந்து வால்வரை ஒரே துருப்பிடிக்காத கம்பியை ஓட்டியிருக்கிறேன். கம்பி எளிதாகக் கிடைத்துவிட்டது. மூன்று கூருள்ள நல்ல தூண்டில் முள்தான் கிடைப்பதில்லை. கடையில் உப்புநீருக்கு உகந்தது என்று சொல்லி விற்றது இரண்டே வாரத்தில் துருவேறியது, விலையோ லூருக்கான மொத்தச் செலவைவிட அதிகம்.

பிளாஸ்டிக் லூர்ப் பெட்டியை மூடிவைக்கும் எண்ணமும் இல்லை. கடற்காற்று எதிரே அடிக்கும்போது வீசினால் இந்த மர லூர் பாதி வழியிலேயே புரண்டு விழுகிறது. உள்ளே உலோகக் குண்டு வாலுக்கு நகரும் பிளாஸ்டிக் லூர் அம்புபோலப் போகிறது. அச்சில் வார்த்ததால் ஒன்றைப்போலவே மற்றொன்றும் நீந்தும். மரத்திலோ ஒரே கிளையின் இரு துண்டுகளுக்குக்கூட அடர்த்தி வேறுபடுவதால், ஒவ்வொன்றுக்கும் ஈயத்தைத் தனியாக எடைபோட வேண்டியிருக்கிறது.

இதற்கு இன்னும் வண்ணம் பூசவில்லை, எபாக்சியும் இரண்டு பூச்சு பாக்கி. அதற்குள், நடுவில் கீல் வைத்த இரண்டு துண்டு லூருக்காக அடுத்த கட்டையை நிழலில் காயப்போட்டுவிட்டேன். அதில் லிப்புக்குப் பாலிகார்பனேட்டை விட்டு, சர்க்யூட் போர்டுக்கான கண்ணாடியிழைத் தகட்டை ஒரு மில்லிமீட்டர் கனத்தில் வெட்டிப் பார்க்கப்போகிறேன்.