கல்யாணமாகாத அத்தையின் உயில்

வம்சாவளி சரிபார்ப்பதுதான் என் வேலை. வாடிக்கையாளர் தன் குடும்ப மரத்தை அனுப்புவார். பெரும்பாலும் யாரோ எப்போதோ இணையத்தில் போட்டு வைத்ததை எடுத்து, மேலே கொஞ்சம் தாமே சேர்த்ததாக இருக்கும். அதில் எந்தக் கிளை நிற்கும், எது நிற்காது என்று பழைய ஆவணங்களை வைத்துச் சொல்ல வேண்டும். என் கைக்கு வருபவை அநேகமாக இங்கிலாந்துக் குடும்பங்கள். ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் என்று தேவாலயப் பதிவேடுகள் எல்லாவற்றையும் பார்க்கிறேன், ஆனால் தப்பாக ஒட்டியிருந்த ஒரு கிளையைப் பிரித்து எடுத்து சரியான இடத்தில் வைத்த வேலைகளை நினைத்துப் பார்த்தால், முடிச்சு அவிழ்ந்தது பெரும்பாலும் ஏதோ ஒரு உயிலில்தான்.

காரணம் எளிது. தேவாலயப் பதிவேட்டில் ஒரு குழந்தைக்கு ஒரே ஒரு வரிதான்: தேதி, பெயர், அப்பா பெயர், சில சமயம் அம்மா பெயர். 1700களில் ஊருக்கு ஊர் ஜான், வில்லியம், தாமஸ்தான். ஆண்டு பொருந்துகிறது, ஊரும் பக்கத்தில் இருக்கிறது என்றால் இவர்தான் என்று ஒட்டிவிடுகிறார்கள். அதை அடுத்தவர் நகலெடுக்கிறார், அவரிடமிருந்து இன்னொருவர். எல்லோருடைய மரத்திலும் ஒன்றையே பார்க்கிறவருக்கு அது உறுதியான செய்தியாகத் தெரியும். மூலத்தைத் தேடிப் போனால் எல்லாம் ஒரே ஊகத்தில் போய் நிற்கும். உயில் அப்படி இல்லை. தன்னுடைய ஆட்கள் யார் யார் என்று ஒருவர் உயிரோடு இருக்கும்போதே, சாட்சிகளை வைத்துக்கொண்டு, ஒரு குறிப்பிட்ட தேதியில் சொன்னது அது.

ஒரு வேலையைச் சொல்கிறேன். வில்லியம் என்ற மாவு ஆலைக்காரர். 1740களில் அவருக்குப் பிள்ளைகள் பிறந்துகொண்டிருக்கின்றன. வந்த மரத்தில் அவருடைய அப்பாவாக அடுத்த ஊரின் பெரிய நிலக்காரர் இருந்தார், பிறந்த ஆண்டு கச்சிதமாகப் பொருந்தியது. அந்த நிலக்காரரின் உயிலை எடுத்துப் படித்தேன். 1730களில் எழுதியது. பாதியில் ஒரு வரி: இறந்துபோன என் மகன் வில்லியமின் விதவைக்கும் அவளுடைய இரண்டு பிள்ளைகளுக்கும் இவ்வளவு பணம். அவ்வளவுதான், கதை முடிந்தது. 1730களிலேயே இறந்துபோனவர் 1740களில் ஆலை ஓட்டிக்கொண்டு பிள்ளை பெற்றிருக்க முடியாது.

சரி, அப்படியானால் நம் வில்லியம் யாருடைய மகன்? அதற்கு விடை ஒரு அத்தையிடம் இருந்தது. இந்த வேலையில் எனக்கு மிகப் பிரியமான ஆவணம் கல்யாணமாகாத பெண்களின் உயில்தான். அந்தக் காலத்து இங்கிலாந்தில் கணவன் உயிரோடு இருக்கும் மனைவி, அவன் சம்மதம் இல்லாமல் உயில் எழுத முடியாது. 1882-இல் திருமணமான பெண்களின் சொத்துச் சட்டம் வரும்வரை ஏறக்குறைய இதுதான் நிலை. அதனால் பெண்கள் எழுதிய உயில் என்று நமக்குக் கிடைப்பவை பெரும்பாலும் விதவைகளுடையவை, கல்யாணம் செய்துகொள்ளாதவர்களுடையவை. சொந்தப் பிள்ளை இல்லாதவள் யாருக்குக் கொடுப்பாள்? அண்ணன் தம்பி பிள்ளைகள், அக்கா தங்கை பிள்ளைகள், அவர்களுடைய பிள்ளைகள் என்று ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி, இன்னாருடைய மகன், இன்ன தொழில் செய்கிறவன், இன்னாருக்கு வாழ்க்கைப்பட்டவள் என்று அடையாளத்தோடு எழுதி வைப்பாள். அப்பாக்கள் எழுதிய உயில்களில் இந்த விரிவு அரிது.

இந்த அத்தையும் அப்படித்தான். அவள் உயிலில் இருந்தது இது: என் தம்பி மகன், ஆலைக்காரன் வில்லியமுக்கு அவன் இப்போது படுத்துக்கொள்ளும் கட்டிலும் அதன் மெத்தையும் இரண்டு போர்வையும். அவன் மனைவி ஆனுக்கு என் கறுப்பு கவுன். அவர்கள் மகள் மேரிக்குப் பித்தளைக் கெட்டில். ஆலை, மனைவி பெயர், மகள் பெயர், மூன்றும் பதிவேட்டோடு ஒத்துப்போயின. அவன் இப்போது படுத்துக்கொள்ளும் கட்டில் என்றால் அவன் அவள் வீட்டில் இருந்திருக்கிறான், அல்லது கட்டிலை முன்பே அவனுக்குக் கொடுத்துவிட்டிருக்கிறாள். அந்த ஒரு வரியிலேயே நான் வெகுநேரம் நின்றேன். ஆவணத்தில் இந்த அளவு நெருக்கம் கிடைப்பது பெரிய விஷயம்.

வாடிக்கையாளருக்கு முதலில் வருத்தம்தான், நிலக்காரர் போய்விட்டாரே என்று. எனக்கு அது புரிகிறது; பல வருடம் தன் முன்னோர் என்று நினைத்திருந்த ஒருவரை எடுத்துவிட்டால் வலிக்கத்தான் செய்யும். ஆனாலும் உயிலின் வரிகளை அப்படியே பெயர்த்தெழுதி அனுப்பினேன், சுருக்கவில்லை. படித்துவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி அந்த அத்தையைப் பற்றித்தான். பிள்ளை இல்லாதவர்களைப் பலர் மரத்தில் சேர்ப்பதே இல்லை, கிளை அங்கே முடிகிறது என்று விட்டுவிடுகிறார்கள். அவர்களைச் சேருங்கள். நாம் தேடும் வரியை எழுதி வைத்தது அவர்களாக இருக்கலாம்.

உயிலைத் தப்பாகப் படித்துப் புதுத் தவறு செய்வதும் நிறைய நடக்கிறது. அதில் முதலிடம், உயிலில் பெயர் இல்லையென்றால் அந்தப் பிள்ளை இறந்துவிட்டது என்று முடிவு கட்டுவது. மூத்த மகனுக்கு நிலம் சட்டப்படியே போகும், அல்லது முன்பே பத்திரம் போட்டுக் கொடுத்திருப்பார்கள், அதனால் உயிலில் அவன் பேச்சே இருக்காது. கட்டிக்கொடுத்த மகளுக்கு அவள் பங்கு கல்யாணத்தின்போதே போயிருக்கும். ஒருவனுக்கு ஒரே ஒரு ஷில்லிங் எழுதியிருந்தால் அப்பாவுக்கு அவன் மேல் கோபம் என்று கதை கட்டுகிறார்கள். பல இடங்களில் அது அவன் பங்கை ஏற்கெனவே வாங்கிவிட்டான், பின்னால் வழக்குப் போட வேண்டாம் என்பதற்காக எழுதியது. உயில் ஒருவர் இருந்ததற்குச் சாட்சி சொல்லும். இல்லாததற்கு அதைச் சாட்சிக்குக் கூப்பிடக் கூடாது. உறவுப் பெயர்களிலும் கவனம் வேண்டும்: இன்று மருமகனைக் குறிக்கும் ‘சன்-இன்-லா’, அந்தக் காலத்து உயிலில் மனைவியின் முந்தைய கணவருக்குப் பிறந்த மகனாகவும் இருக்கலாம். அதை வைத்து இல்லாத மகளை உண்டாக்கிக் கல்யாணமும் செய்து வைத்த மரங்களைப் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது தேதி. இங்கிலாந்தில் 1751 வரை சட்டப்படி ஆண்டு மார்ச் 25-இல்தான் தொடங்கியது. அதனால் 1720 நவம்பரில் எழுதிய உயிலுக்கு 1720 பிப்ரவரியில் புரோபேட் (எழுதியவர் இறந்த பிறகு உயிலை நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட உத்தரவு) கிடைத்ததாகப் பதிவு இருக்கும். நம் கணக்கில் அது 1721 பிப்ரவரி. இது தெரியாத ஒருவர், செத்த பிறகு எப்படி உயில் எழுத முடியும் என்று குழம்பி, அப்பா மகன் என இரண்டு பேராகப் பிரித்துவிட்டார். ஒரே மனிதர் ஒரு தலைமுறை கூடுதலாக நின்றார்.

எங்கே தேடுவது என்று கேட்பவர்களுக்கு: கேன்டர்பரி பேராயரின் நீதிமன்றத்தில் 1384 முதல் 1858 வரை பதிவான உயில்களின் நகல்கள் லண்டனில் கியூ என்ற இடத்தில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன, இணையத்திலும் தேடலாம். அவை எழுத்தர்கள் பெரிய ஏட்டில் பார்த்து எழுதியவை என்பதை மறக்க வேண்டாம். பெயரில் சந்தேகம் வந்தால் மூல உயில் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். சிறிய சொத்துக்காரர்களின் உயில்கள் அந்தந்த வட்டாரத் தேவாலய நீதிமன்றங்களுக்குப் போயின. 1858 ஜனவரி 12 முதல் எல்லாம் அரசின் கைக்கு வந்துவிட்டது.

அழிந்தவையும் உண்டு. 1922-இல் டப்ளினின் ஃபோர் கோர்ட்ஸ் என்ற நீதிமன்ற வளாகத்தில் பிடித்த தீயில் அயர்லாந்தின் உயில்கள் பெரும்பகுதி போயின. 1942-இல் இங்கிலாந்தின் எக்ஸிட்டர் நகர் மீது குண்டு விழுந்ததில் டெவன் வட்டார உயில்கள் எரிந்தன. டெவன் குடும்பம் ஒன்று வந்தால் மனசு கொஞ்சம் சோர்ந்துதான் போகும். ஆனால் குண்டு விழுவதற்கு முன்பே ஆலிவ் மோகர் என்ற பெண்மணி அந்த உயில்கள் பலவற்றிலிருந்து கையால் குறிப்பு எடுத்து வைத்திருந்தார், அவை இன்றும் இருக்கின்றன. 1796-க்குப் பிறகு இறந்தவர் என்றால் இறந்தவர் விட்டுப்போன சொத்துக்கு வரி வாங்குவதற்காக வைத்த பதிவேடுகளில் யாருக்கு என்ன போனது, அவர் என்ன உறவு என்று பார்க்க வாய்ப்பு உண்டு. இரண்டிலும் கிடைக்கவில்லையென்றால் அந்த இணைப்பை நான் புள்ளிக் கோடாகத்தான் வரைகிறேன், எந்த உயில் இருந்திருந்தால் அது உறுதியாகியிருக்கும் என்பதையும் பக்கத்திலேயே எழுதிக் கொடுக்கிறேன்.