மூன்றாம் நாளா, நான்காம் நாளா

எங்கள் ஏலக்காய் ஸ்டோரில், அதாவது பச்சைக்காயை உலர்த்தும் கட்டடத்தில், இரவு யாராவது ஒருவர் விழித்திருக்க வேண்டும். பச்சைக்காயை உள்ளே பரப்பினால் ஏறக்குறைய ஒரு நாள் முழுவதும் சூடு ஐம்பது டிகிரியை ஒட்டியே நிற்க வேண்டும். கூடினால் நிறம் போய்விடும், தோல் வெடிக்கும். ஓணம் விடுமுறைக்குக் கொச்சியிலிருந்து வந்திருந்த ஒன்பது இரவும் அந்தக் காவலை அப்பாவிடமிருந்து நான் வாங்கிக்கொண்டேன். முன்னறையில் ஒரு மேசை, ஒரு விளக்கு, சுவரில் வெப்பமானி. எம்பிஏ விண்ணப்பக் கட்டுரைகள் இரண்டையும் அங்கே உட்கார்ந்துதான் எழுதி முடித்தேன்.

நான் படித்த தமிழ்வழிப் பள்ளியில் எனக்குப் பின் படித்த இருவர் இந்த ஆண்டு விண்ணப்பிக்கிறார்கள். "அக்கா, கட்டுரையை எப்படி எழுதினீர்கள்?" என்று கேட்டார்கள். போனில் சொல்லி முடிகிற கதை இல்லை என்பதால் இங்கே எழுதுகிறேன்.

எங்கள் ஊர் குமுளிக்கும் வண்டன்மேட்டுக்கும் நடுவில் இருக்கிறது. தாத்தா உத்தமபாளையத்திலிருந்து மலையேறி வந்தவர். 1956 நவம்பர் 1 அன்று பீர்மேடும் தேவிகுளமும் கேரளத்தோடு சேர்ந்தபோது அவர் இறங்கிப் போகவில்லை. அதனால் வீட்டில் தமிழ், கடைவீதியில் மலையாளம், விண்ணப்பத்தில் ஆங்கிலம் என்று மூன்று மொழிகளோடு நான் வளர்ந்தேன்.

எம்பிஏ சேர்க்கைக்கு எழுதும் ஜிமேட் தேர்வைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 2023 நவம்பரில் வந்த புதிய வடிவத்தில் 64 கேள்விகள், இரண்டேகால் மணி நேரம். பழைய தேர்வில் இருந்த வாக்கியத் திருத்தப் பகுதியும் கட்டுரைப் பகுதியும் இப்போது இல்லை. அதைக் கேட்டு நிம்மதியடையாதீர்கள். ஆங்கிலத்தில் நீங்கள் யார் என்று காட்ட வேண்டிய இடம் முழுவதும் விண்ணப்பக் கட்டுரைக்குப் போய்விட்டது.

ஒவ்வொரு கல்லூரியும் ஒவ்வொரு விதமாகக் கேட்கும். ஸ்டான்ஃபோர்டு பல ஆண்டுகளாக ஒரே கேள்வியைக் கேட்டு வருகிறது: உங்களுக்கு எது மிக முக்கியம், ஏன்? ஹார்வர்டு 2024இல் தன் ஒற்றைக் கட்டுரையை மூன்று சிறு கட்டுரைகளாகப் பிரித்தது. ஒன்றுக்கு 300 சொல், மற்ற இரண்டுக்கும் 250. நான் விண்ணப்பித்தது நம் நாட்டுக் கல்லூரி. இரண்டு கட்டுரைகள், ஒவ்வொன்றும் 400 சொல்லுக்குள். நானூறு சொல் என்பது பள்ளிப் பரீட்சைத்தாளில் இரண்டு பக்கத்துக்குள் அடங்கிவிடும்.

என் முதல் வரைவு இப்படித் தொடங்கியது: "2019 ஆகஸ்டில் புற்றடி ஏலத்தில் ஏலக்காய் கிலோ 7,000 ரூபாய்க்குப் போனது." உண்மையான செய்தி. முந்தைய ஆண்டு வெள்ளம், அதன்பின் வறட்சி, காய் இல்லை, விலை ஏறியது. எழுதியபோது எனக்கே சிலிர்த்தது. பிறகு கொச்சியில் ஒரு ஆலோசனை நிறுவனத்திடம் 22,000 ரூபாய் கட்டி அந்த வரைவைக் கொடுத்தேன். பத்து நாளில் திருப்பித் தந்தார்கள். பிழை ஒன்றுகூட இல்லை. என்னோடு வேலை பார்த்தவர்கள் இரண்டு பேர். அது "பல துறைகளை உள்ளடக்கிய குழு" ஆகியிருந்தது. நான் கேட்டுத் திரிந்தது "வழிநடத்தியது" ஆகியிருந்தது. கம்பத்து அக்கா ஒருவரைப் பற்றி நான் எழுதியிருந்த நான்கு வரிகளைக் காணவில்லை. கேட்டதற்கு, அது மிகச் சிறிய விஷயம், தலைமைப் பண்பைக் காட்டாது என்றார்கள். எனக்குக் கோபம் வந்தது, அழுகையும் வந்தது. அந்தப் பணம் என் ஒரு மாதச் சம்பளத்தில் பாதிக்கும் மேல்.

அந்தக் காகிதங்களை எடுத்துக்கொண்டு எங்கள் பழைய ஆங்கில டீச்சரைப் பார்க்கக் குமுளிக்குப் போனேன். ஓய்வு பெற்று ஆறு ஆண்டுகள் ஆகின்றன. மலையாளி. தமிழ்வழிப் பிள்ளைகளுக்கு இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தவர். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, என்னையே உரக்கப் படிக்கச் சொன்னார். முதல் வரி முடிந்ததும் கையை உயர்த்தினார்.

"மோளே, விலை ஏழாயிரம் ஆன அன்று நீ எங்கே இருந்தாய்?"

"திருச்சியில், கல்லூரி விடுதியில், டீச்சர்."

"அப்படியென்றால் அது பத்திரிகைக்காரர் எழுத வேண்டிய வரி."

பிறகு சிவப்பு மையில் ஓரத்தில் எழுதிக்கொண்டே வந்தார். முடிந்தபின் எண்ணிப் பார்த்தேன். ஏழு இடங்களில் ஒரே கேள்வி: "யார் செய்தது?" முடிவு எடுக்கப்பட்டது, பிரச்சினை கண்டறியப்பட்டது, நடைமுறை மேம்படுத்தப்பட்டது என்று எழுதினால் ஆங்கிலத்தில் மிடுக்காகத்தான் இருக்கிறது. ஆனால் செய்தவர் இல்லை. அந்த ஏழு கேள்விக்கும் பதில் எழுதப் போனபோதுதான் மூன்று இடத்தில் பதில் "நான்" இல்லை என்று எனக்குத் தெரிந்தது.

அன்று இரவு ஸ்டோரில் உட்கார்ந்து, ஆங்கிலத்தை மூடி வைத்துவிட்டுத் தமிழில் எழுதினேன். நடந்தது இதுதான். நான் வேலை பார்ப்பது வாசனைப் பொருள் ஏற்றுமதி செய்யும் இடத்தில், கொள்முதல் பிரிவில். வளைகுடாவுக்குப் போகும் ஏலக்காயில் பூச்சிமருந்து எச்சம் அதிகமாக இருந்தால் சரக்கு திரும்பி வரும். அப்படி ஒருமுறை எங்கள் சரக்கு திரும்பியது. எந்தத் தோட்டத்துக் காய் என்று பிரித்துச் சொல்ல யாராலும் முடியவில்லை. எங்களுக்குக் காய் தரும் 23 சிறு விவசாயிகளுக்கு நான் ஒரு நோட்டுப் புத்தகம் கொடுத்தேன்: எந்த நாளில் என்ன மருந்து அடித்தார்கள், எத்தனை நாள் கழித்துக் காய் எடுத்தார்கள் என்று எழுதிவைக்க. ஒரு பக்கம் தமிழ், ஒரு பக்கம் மலையாளம். அந்தப் பருவத்தில் 9 பேர் மட்டுமே எழுதினார்கள். அதிலும் பாதி, கேட்கப் போன அன்று உட்கார்ந்து நிரப்பியது. எல்லா வரியும் ஒரே மையில் இருந்தது.

தோற்றுவிட்டேன் என்று நினைத்துக்கொண்டிருந்தபோதுதான் அந்த அக்காவைச் சந்தித்தேன். விடியுமுன் கம்பத்திலிருந்து ஜீப்பில் மலையேறி வந்து காய் எடுத்துவிட்டு மாலையில் இறங்கிப் போகும் பெண்களில் ஒருவர். முதலாளி எழுதாத கணக்கு அவருக்கு மனப்பாடம். எந்தத் தோட்டத்தில், எந்தச் சரிவில், மருந்தடித்து எத்தனை நாளில் தங்களைக் காய் எடுக்க இறக்கினார்கள் என்று விரல் விட்டுச் சொன்னார். எப்படி நினைவிருக்கிறது என்று கேட்டேன். "தலைவலிதான் கணக்கு" என்றார். சீக்கிரம் இறக்கினால் மாலையில் ஜீப்பில் தலையைத் தூக்க முடியாது. நாள் தள்ளி இறக்கினால் பாட்டு பாடிக்கொண்டே போவார்கள்.

அடுத்த பருவத்தில் நோட்டை விவசாயிகளிடம் மட்டும் விடாமல் காய் எடுக்கும் பெண்களிடமும் கேட்டு எழுதினேன். விவசாயிகளில் 17 பேரின் கணக்கு அவர்கள் சொன்னதோடு ஒத்துவந்தது. இதுதான் என் முழுச் சாதனை. இதில் நான் செய்தது கேட்டது. அறிந்தவர் அந்த அக்கா. தமிழில் எழுதியபோது இது எனக்குக் கூச்சமாக இல்லை, பெரிதாக்கவும் தோன்றவில்லை. மறுநாள் அதையே ஆங்கிலத்தில் எழுதினேன். 612 சொல் வந்தது. 400க்குக் கொண்டுவர நான்கு இரவுகள். முதலில் போனவை "மிகவும்", "உண்மையில்", "ஆர்வம்" போன்ற சொற்கள். அடுத்து என் மேலாளரைப் பாராட்டியிருந்த பத்தி. தலைவலி வரியை மட்டும் தொடவில்லை.

பரிந்துரைக் கடிதம் பற்றியும் கேட்டிருந்தீர்கள். "நீயே எழுதிக் கொடு, கையெழுத்துப் போடுகிறேன்" என்று சொல்பவர்கள் உண்டு. என்னிடமும் ஒருவர் சொன்னார். எழுதாதீர்கள். உங்கள் கட்டுரையின் குரலும் கடிதத்தின் குரலும் ஒன்றாக இருந்தால் படிப்பவர் ஒரு நொடியில் கண்டுபிடித்துவிடுவார். அதைவிட, அது பொய். அவரோடு வேலை செய்த நான்கைந்து நிகழ்ச்சிகளை ஒரு பக்கத்தில் குறித்துக் கொடுத்து, மீதியை அவரே எழுதும்படி வேண்டிக்கொண்டேன். முகம் சுளித்தார், ஆனால் எழுதினார்.

அனுப்ப வேண்டிய கடைசி நாளன்று ஒரு விஷயம் உறுத்தியது. அந்த அக்காவைப் பற்றி எழுதிவிட்டேன், அவரிடம் சொல்லவில்லை. மாலையில் ஜீப் நிற்கும் இடத்துக்குப் போய்க் காத்திருந்தேன். கூடையை இறக்கிவைத்துவிட்டு அவர் ஜீப்பின் பின்படியில் உட்கார்ந்தார். தமிழில் எழுதியதைப் படித்துக் காட்டினேன். சுற்றியிருந்தவர்களும் பேச்சை நிறுத்திக் கேட்டார்கள். பெயர் போடவில்லை என்றேன். அவர் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை.

"எல்லாம் சரிதான். ஆனால் மூன்றாம் நாள் என்று எழுதியிருக்கிறாய் பாப்பா. அந்தத் தோட்டத்தில் எங்களை இறக்கியது நான்காம் நாள். மூன்றாம் நாள் என்றால் நான் வந்திருக்கவே மாட்டேன்."

பக்கத்தில் இருந்த பெண்ணும் விரல் விட்டு எண்ணிப் பார்த்துவிட்டு, நான்காம் நாள்தான் என்றார். ஜீப் கிளம்பியது. ஸ்டோருக்கு வந்து, வெப்பமானியைப் பார்த்துவிட்டு உட்கார்ந்து, அந்த ஒரு சொல்லை மாற்றினேன். மொத்தம் 398 சொல். இரவு பத்தரைக்கு அனுப்பினேன்.